ஏலக்காய் தேடி ரிவர்ஸ்டன் வரை

ரிவர்ஸ்டனுக்குப் போய்வந்த எல்லோருடைய போனிலும் ஏறக்குறைய ஒரே படங்கள்தான் இருக்கும். வளைந்து வளைந்து ஏறும் பாதை, பாதையை மூடும் பனிமூட்டம், உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம், காற்றில் பறக்கும் தலைமுடி. பெரியவர்களுக்கு அது போதும். நாலு வயதுப் பிள்ளைக்குத் தூரத்து மலை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு பொருட்டே இல்லை. அதற்குக் கையால் தொட ஏதாவது வேண்டும், மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் வாயில் போட்டுக் கடித்தும் பார்க்க வேண்டும்.

அதனால்தான் சின்னப் பிள்ளைகளோடு ரிவர்ஸ்டன் போகிறவர்களிடம் நான் ஒன்றை விடாமல் சொல்கிறேன்: மலையில் தொடங்காதீர்கள். காலையில் மாத்தளையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் தொடங்குங்கள். அதற்குப் பிறகு ரத்தோட்டை வழியாக மலை ஏறுங்கள். கீழே தொட்டுப் பார்த்த செடியின் கதை மேலே காட்டுக்குள் தொடர்வதை அப்போதுதான் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். நாங்கள் போன அன்று எங்கள் வேனில் என் இரண்டு பிள்ளைகள், கணவர், என் அம்மா. அம்மா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகளுக்கு அவர் அம்மாயி. இந்தப் பயணத்துக்கு உண்மையான வழிகாட்டி அவர்தான் என்பது பாதி வழியில்தான் எங்களுக்கு விளங்கியது.

மாத்தளையிலிருந்து நாலந்தப் பக்கமாகப் போகும் ஏ9 வீதியில் இருபுறமும் இந்தத் தோட்டங்கள் இருக்கின்றன. முன்னால் பெயர்ப்பலகை, உள்ளே சில ஏக்கரில் செடிகள், கடைசியில் எண்ணெயும் தைலமும் தூள்களும் விற்கும் கடை. சுற்றுலாப் பஸ்கள் வந்து நிற்பதற்கு முன், எட்டரை மணி வாக்கில் போய்விட்டால் வழிகாட்டுபவருக்குப் பிள்ளைகளோடு நின்று பேச நேரம் இருக்கும். போனதுமே, "நாங்கள் செடி பார்க்கத்தான் வந்தோம், பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது. கடையில் எதை வாங்கினாலும் விலையை முதலில் கேளுங்கள். வாங்காமல் வந்தாலும் வழிகாட்டியவர் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வருவது மரியாதை.

எங்களுக்கு வாய்த்தவர் அறுபதைத் தாண்டிய சிங்களப் பெரியவர். மாத்தளைச் சந்தையில் பழகிய தமிழ் பேசினார். முதலில் மிளகுக் கொடியிடம் கூட்டிப்போனார். மிளகு தானாக நிற்காது, ஏறிப் படர ஒரு மரம் வேண்டும். இங்கே அதற்குப் பெரும்பாலும் கிளிரிசிடியாவைத்தான் நடுகிறார்கள். கொம்பை வெட்டி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். மண்ணுக்குத் தழைச்சத்து தரும். தழையை வெட்டிப் பசளையாகவும் போடலாம், ஆட்டுக்கும் கொடுக்கலாம். பெரியவர் ஒரு பச்சை மிளகுச் சரத்தைப் பறித்துச் சின்னவன் கையில் கொடுத்தார். அவன் ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான், பிறகு இன்னொன்றைக் கடித்தான். இந்தப் பச்சைக் காயைக் காயவைத்தால் கறுப்பு மிளகு. சிவக்கும்வரை விட்டுப் பறித்து, ஊறவைத்து, தோலை நீக்கினால் வெள்ளை மிளகு. இரண்டும் ஒரே கொடியில் வருவது என்பதை என் மகள் நம்பவே இல்லை. வீட்டில் இரண்டு போத்தல்களில் இருப்பது இரண்டு செடி என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

கறுவாப் பட்டை உரிப்பதைக் காட்டும் இடத்தில் பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள். எங்கள் நாட்டில் நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த தொழில் அது. ஒருவர் தரையில் உட்கார்ந்து, வெட்டிய கொப்பின் கரடான மேல்தோலை முதலில் சுரண்டுகிறார். பிறகு பித்தளைக் கோலால் கொப்பை அழுத்தி உருட்டி உருட்டித் தேய்க்கிறார். அப்படித் தேய்த்தால்தான் உள்பட்டை மரத்தை விட்டு இளகும். அதன் பிறகு சின்னக் கத்தியால் நீளவாக்கில் கீறி, கிழியாமல் உரித்து எடுக்கிறார். காயும்போது பட்டை தானாகவே சுருளும். பெரிய சுருளுக்குள் சின்னச் சின்னத் துண்டுகளை அடுக்கி நிறைத்து, நீளமான குழலாக்கி, நிழலில் உலர்த்துகிறார்கள். என் மகளுக்கும் ஒரு கொப்பைச் சுரண்டக் கொடுத்தார். சுரண்டிய கையை அன்று முழுக்க மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள்.

சமையல் செய்கிறவர்களுக்காக இங்கே ஒன்று. கடையில் வாங்கும் பட்டையை முனையில் பாருங்கள். மெல்லிய ஏடுகள் பல அடுக்காகச் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்கினால் அது நம் கறுவா. தடித்து, ஒரே ஏடாக, உடைக்கக் கடினமாக இருந்தால் அது கசியா. கசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். நிறையச் சேர்ந்தால் ஈரலுக்கு நல்லதில்லை என்பதால் பிள்ளைகளுக்குத் தினமும் கஞ்சியிலும் பாலிலும் தூவிக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் கறுவாவில் அது மிகக் குறைவு. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கொடுத்தது. அந்தக் காலையில் தரையில் உட்கார்ந்து உரித்தவரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பாதுகாப்பின் பலன் அந்த விரல்களுக்கும் வந்து சேர வேண்டும் என்றுதான் தோன்றியது.

சாதிக்காய் மரத்தடியில் வெடித்து விழுந்த பழம் ஒன்று கிடந்தது. உள்ளே கறுப்புக் கொட்டை, அதைச் சுற்றிச் சிவப்பு வலை. அந்தச் சிவப்புதான் வசுவாசி. பிரியாணிச் சட்டிக்குள் பழுப்பு நிறத்தில் மட்டுமே பார்த்த ஒன்றை அப்படிப் பளீரென்ற சிவப்பில் பார்ப்பது எனக்கும் புதிது.

கொக்கோவைத் தொட்டபோது கொஞ்சம் அழுகையும் வந்தது. காய் கிளை நுனியில் இல்லாமல் நடுமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும் என்பதே பிள்ளைகளுக்கு ஆச்சரியம். பெரியவர் பழுத்த காய் ஒன்றைப் பிளந்தார். உள்ளே சொக்லேட் இருக்கும் என்று சின்னவன் காத்திருந்தான். இருந்தது வெள்ளைச் சதை. அதைச் சப்பினால் இனிப்பும் புளிப்புமாக நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விதையைக் கடித்தால் கடும் கசப்பு. அவன் துப்பிவிட்டு அழுதான். சதையோடு விதையைக் குவித்து, மூடி, சில நாட்கள் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து, அரைத்த பிறகுதான் சொக்லேட்டின் மணம் வரும் என்று பெரியவர் சொன்னார். "இவ்வளவு வேலையா?" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகலாம்.

வனிலாக் கொடியிடம் நான் ஒரு கதை சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு மறக்காது. வனிலா மெக்சிகோவில் பிறந்த ஓர்க்கிட் கொடி. வெளிநாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டால் வளரும், பூக்கும், ஆனால் காய்க்காது. மகரந்தம் சேர்க்கும் பூச்சி அங்கே இல்லை. பூவும் காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். பெரிய பெரிய தாவரவியலாளர்களுக்கே தோட்டத்துக்கு உதவும் எளிய வழி அகப்படாமல் இருந்தது. 1841இல், ரியூனியன் தீவில், எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு வழி கண்டான். மெல்லிய குச்சியால் பூவுக்குள் இருக்கும் சின்னத் தடுப்பைத் தூக்கி, மகரந்தத்தைப் பெருவிரலால் அழுத்திவிட்டான். காய் பிடித்தது. இன்றும் உலகத்து வனிலாத் தோட்டங்களில் கையால் செய்வது அவன் காட்டிய முறையைத்தான். 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தபோது அவனுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. ஆனால் அவன் கண்டுபிடிப்பால் மற்றவர்கள் பணக்காரரானார்கள், அவன் 1880இல் வறுமையில் இறந்தான். "அவனுக்கு ஏன் காசு குடுக்கல?" என்று மகள் கேட்டாள். அவள் ஒரு பதிலுக்குக் காத்திருந்தாள். அம்மாயி முந்திக்கொண்டு, "வேலை செஞ்சவனுக்கு யாரு கண்ணு அப்ப காசு குடுத்தா" என்றார்.

ஏலக்காய்ச் செடியைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். நிழலில் நாலைந்து தூறு மட்டும் இருந்தது. மாத்தளை நகரம் தாழ்வான இடம், சூடு அதிகம். ஏலத்துக்குக் குளிரும் ஈரமும் பெரிய மரங்களின் நிழலும் வேண்டும். இங்கே வைத்திருப்பது வருகிறவர்களுக்குக் காட்டத்தான் என்று பெரியவரே சொன்னார். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த இலைக்கூட்டத்தில் பிள்ளைகள் காயைத் தேடினார்கள்.

"மேல தேடாத, கண்ணு. அடியில பாரு" என்று அம்மா குந்தி உட்கார்ந்தார்.

தூறின் அடியில், மண்ணோடு மண்ணாகப் படர்ந்த காம்பில், வெள்ளைப் பூவில் ஊதாக் கோடு. அதன் பக்கத்தில் இரண்டு பச்சைக் காய். அம்மா ஒன்றை நகத்தால் பிளந்து மகளின் மூக்கருகே பிடித்தார். "வெடிக்கிறதுக்கு முன்ன பறிக்கணும். பிஞ்சையும் பறிக்கக் கூடாது. நாங்க பறிக்கிறப்ப கை நிறைய அட்டை ஏறியிருக்கும்." அம்மா சின்ன வயதில் கொழுந்து எடுத்தது எனக்குத் தெரியும். ஏலம் எடுத்ததை அன்றுதான் சொன்னார்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் வழியில் வேனின் கண்ணாடியைத் திறந்து வையுங்கள். இந்தப் பக்கத்து வீட்டுத் தோட்டங்கள் எதுவும் வரிசையாக நட்டவை அல்ல. பலா, கமுகு, தென்னை, அவற்றில் ஏறிய மிளகு, கீழே கோப்பி, கராம்பு, சாதிக்காய், வாழை, இஞ்சி எல்லாம் கலந்தே நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் காடு, உள்ளே போனால் வீடு. காலையில் பார்த்த செடிகளைப் பிள்ளைகள் தாங்களாகவே அடையாளம் காட்டிக்கொண்டு வந்தார்கள். கமுகில் மிளகைக் கண்டால் ஒரு சத்தம், கொக்கோவைக் கண்டால் இரட்டைச் சத்தம். போனைக் கேட்டு அழவில்லை.

ரத்தோட்டையைத் தாண்டினால் தேயிலை. அதற்கு முன்பு இந்தச் சரிவுகளில் கோப்பி. அந்தக் கோப்பிக்காகத்தான் நம் ஆட்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அம்மா அந்த நடையைப் பற்றிச் சொல்வார். கோப்பியை இலைத்துரு நோய் 1869இலிருந்து அரித்துத் தின்றது. தேயிலை வந்தது. நடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே லயங்களில் இருந்தார்கள். என் அம்மாவின் ஆட்களும் அப்படித்தான்.

பம்பரக்கிரி எல்ல நீர்வீழ்ச்சியில் சிறிது நேரம் நின்றோம். தொங்கு பாலம் பிள்ளைகளுக்குப் பிடித்தது. பாறைகள் வழுக்கும், தண்ணீரில் இறக்காதீர்கள். அங்கே அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளில் சின்னவர்களுக்குக் குமட்டும். காலைச் சாப்பாட்டை இலேசாகக் கொடுங்கள், ஒரு இஞ்சித் துண்டு கையில் இருக்கட்டும். தேயிலை முடிந்து காடு தொடங்குவது சட்டென்று தெரியும். காற்றும் மாறும். உச்சியை நெருங்கும்போது மரங்கள் குட்டையாகி, கிளைகள் முறுகி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். பருவக்காற்று ஆண்டுதோறும் அடித்து வளர்த்த காடு அது. தென்மேல் பருவக்காற்று மாதங்களில் கணவாயில் நிற்கவே முடியாத நாட்கள் உண்டு, நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். கணவாயின் இந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்க, அந்தப் பக்கம் இலுக்கும்புரைக்கு இறங்கினால் வெயில் அடிக்கும். குளிர்ச்சட்டையைப் போட்டும் கழற்றியும் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் அம்மா ஏலத்தின் மிச்சக் கதையைச் சொன்னார். ரிவர்ஸ்டன் இருக்கும் இந்த நக்கிள்ஸ் மலைகளின் பெரிய காடுகளுக்குள், மரங்களை அப்படியே நிற்கவிட்டு, அடியில் உள்ள சிறு செடிகளையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கி ஏலம் நட்டார்கள். பறித்த காயை வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும். அதனால் காட்டுக்குள்ளேயே கொட்டகை கட்டி, விறகு எரித்து, இராப் பகலாகச் சூடு குறையாமல் உலர்த்தினார்கள். விறகும் அதே காட்டிலிருந்துதான். பெண்களும் பிள்ளைகளும் மழையில் நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குந்தியபடி பறிப்பார்கள்.

"உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு அம்மாயி?" என்றாள் மகள்.

"எனக்கு அரைப்பேருதான். சின்னப் புள்ள இல்ல."

மகளுக்கு அரைப்பேர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதில் பாதிக் கூலி. எட்மண்டுக்கு ஒன்றுமே இல்லை, அம்மாயிக்குப் பாதி என்று அவள் தானாகவே கணக்குப் போட்டாள்.

காட்டுக்கு நேர்ந்ததையும் நான் சொன்னேன், ஏனென்றால் அதையும் மறைக்கக் கூடாது. பெரிய மரங்கள் நிற்கின்றன, காடு இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் அடியில் கன்றுகளே வளரவிடாமல் வருடா வருடம் வெட்டினால், பெரிய மரம் விழும்போது அந்த இடத்தை நிரப்ப அடுத்த மரம் இருக்காது. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கக் கூடாது என்ற முடிவு 1873இலேயே வந்துவிட்டது. ஏலம் அந்த உயரத்துக்குக் கீழேயும் மேலேயும் காட்டுக்குள் மறைந்தே பரவியது. பிறகு சாகுபடியை நிறுத்தினார்கள். 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. கைவிட்ட ஏலத்தூறுகள் காட்டின் சில பகுதிகளில் இன்னும் நிற்கின்றன.

நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். இந்த மலைகளின் தண்ணீர்தான் களுகங்கையாகவும் அம்பன் கங்கையாகவும் இறங்கி, மொரகஹகந்தை நீர்த்தேக்கத்தை நிரப்பி, வரண்ட பகுதியின் வயல்களுக்குப் போகிறது. ஆனால் அரைப்பேருக்கு அட்டைக்கடி வாங்கியவர்களின் கதையும் இந்தக் காட்டின் வரலாற்றுப் பலகைகளில் இருக்க வேண்டும். தவளைக்கும் ஓணானுக்கும் இடமிருக்கும் பலகையில் அவர்களுக்கும் ஒரு வரி கொடுக்கலாம்.

தவளை, ஓணான் என்றதும் சொல்ல வேண்டும். மூக்கில் இலை போன்ற கொம்போடு ஓர் ஓணான் இந்த மலைத்தொடரில் மட்டுமே உண்டு, உலகில் வேறெங்கும் இல்லை. பாதையோரம் பாசி படிந்த மரத்தில் பொறுமையாகப் பாருங்கள். அகப்பட்டால் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இப்படி இங்கே மட்டும் வாழ்கிறவற்றைப் பிடித்துக் கடத்துகிறவர்களால் அவற்றுக்கு ஏற்கெனவே ஆபத்து.

கணவாயைத் தாண்டி இறங்கினால் பிட்டவல பத்தனை. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் டிக்கட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். காட்டுக்கு நடுவே மரமே இல்லாத புல்வெளி. அடியில் தட்டையான பாறை, அதன் மேல் சில அங்குல மண்தான், மரம் வேர்விட இடமில்லை. பிள்ளைகளைக் கையை விட்டு ஓடவிட அந்த நாளில் இருந்த ஒரே இடம் இதுதான், பாதிவரை. புல்வெளியின் மறுகோடி சட்டென்று முடிந்து செங்குத்தாக விழுகிறது. அங்கே போகும்போது ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே மரகதப் பச்சையில் வயல்களும் ஓடையும் தெரியும். நீர் கசியும் பாறை வெடிப்புகளில் தட்டையான உடலோடு ஒரு தவளை ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் இந்த மலைகளுக்கு மட்டும் சொந்தமானது. சின்னவன் அதைத் தேடி வயிற்றில் படுத்தே விட்டான்.

மதியச் சாப்பாடு ரொட்டியும் கட்டச்சம்பலும், பிளாஸ்கில் பிளேன்டி. அம்மா கீழே வாங்கிய ஏலத்தில் ஒன்றைத் தட்டிப் பிளேன்டியில் போட்டார். உணவுப் பொட்டலங்களை அங்கே விட்டுவர வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பை நிறையப் பொறுக்கினோம்.

போகிறவர்களுக்குச் சில. மழைக்காலத்தில் அட்டை கட்டாயம். கால்மேசைக்கு மேல் சவர்க்காரத்தை நனைத்துப் பூசுங்கள், உப்பையும் கொஞ்சம் எடுத்துப் போங்கள். கடித்தால் பிள்ளைகள் முன்னால் கத்தாதீர்கள். மலைக்கு மேல் கடைகள் குறைவு, தண்ணீர் கையில் இருக்கட்டும். மதியத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் வளைவுகளில் எதிரே வரும் வண்டி தெரியாது, மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள். மாத்தளையில் மிளகுக் கன்று வாங்குவதென்றால் திரும்பும்போது வாங்குங்கள், வண்டியில் வாடாது. நட்டு மூன்றாம் வருடத்தில் காய்க்கும். நேரமிருக்கிறவர்கள் இலுக்கும்புரைப் பக்கம் இன்னும் இறங்கி செரா எல்லயையும் பார்க்கலாம், விழும் தண்ணீருக்குப் பின்னால் நிற்கும்படி பாறைக் குடைவு இருக்கிறது. படிகள் அதிகம், அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. நாங்கள் போகவில்லை.